முதல் எடை

குண்டாகிவிட்டாள் என்று சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் பார்த்த பெண்களிலேயே ஒல்லியானவள் அவள்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

என் வீட்டுக்காரரின் தங்கை. விமானத்தில் ஏர் ஹோஸ்டஸாக இருந்தாள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர் பெண்ணுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேப்பரில் பார்த்தாள், எழுதிப் போட்டாள், கூப்பிட்டார்கள், கிடைத்தது. உயரம் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, பயம் இல்லை. வேலை கிடைத்த கதையைக் கேட்கிற யாரும் அது போன கதையைக் கேட்பதில்லை. கேட்டால் அவர்களும் கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கும்.

அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. லீவில் வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டேதான் காபி குடிப்பாள். டிவி பார்க்கும்போது சுவரில் முதுகை ஒட்டி முழங்காலை மடித்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் இருப்பது போல இருப்பாள். தொடை நடுங்கும். முகம் மட்டும் சாதாரணமாக இருக்கும்.

"ஒக்காரேன், பாக்கற எனக்குக் கால் வலிக்குது" என்பேன்.

"ஒக்காந்தா ஏறிடும் அண்ணி" என்பாள்.

எடை ஏறிவிடும் என்று அர்த்தம். அவர்கள் கம்பெனியில் உயரத்துக்கும் வயதுக்கும் இவ்வளவு எடை என்று வரம்பு வைத்திருந்தார்கள். அவ்வப்போது சென்னைக்குக் கூப்பிட்டு நிறுத்துப் பார்ப்பார்கள். தாண்டியிருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள். திரும்பத் திரும்பத் தாண்டினால் வேலை போய்விடும். ஆண்களுக்கும் வரம்பு உண்டு என்றுதான் சொல்வார்கள். பெல்ட்டுக்கு மேல் தொப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போட்டோவில் அவள் பக்கத்தில் நின்ற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களை எந்தத் தராசில் நிறுத்தார்களோ தெரியாது.

"ஒடம்பு என்னுது இல்ல அண்ணி, யூனிபார்ம் மாதிரி" என்று சொல்வாள். "கம்பெனி குடுத்தது. கசங்காம வெச்சிக்கினு இருக்கணும்."

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

நான் விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தது 1993இல். மாமியார் அப்போதே இல்லை. வீட்டுக்கு முன்னால் மண்டி, பின்னால் நாங்கள். வந்த கொஞ்ச நாளில் மல்லாட்டை வரத்து தொடங்கியது. எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். புது வரத்தின் முதல் மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் வீட்டுப் பெண் பிள்ளை அதில் ஏறி நிற்க வேண்டும். அதற்கு முதல் எடை என்று பேர். அப்போதுதான் அந்த வருஷம் வியாபாரம் விளங்கும் என்று என் மாமனாருக்கு நம்பிக்கை. தராசு என்றால் தொங்குகிற தட்டுத் தராசு இல்லை. தரையோடு ஒரு இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் குறுக்காக ஒரு கோல், கோலில் நகர்கிற ஒரு குண்டு. மூட்டையைப் பலகையில் வைத்துவிட்டுக் குண்டை நகர்த்தி எடை பார்ப்பார்கள்.

அன்றைக்கு மாமனார் கம்பத்துக்குச் சந்தனம் பூசி, பூ சுற்றி, கற்பூரம் காட்டினார். அவள் காலேஜுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினாள். மாமனார் குண்டை நகர்த்தி, மூட்டைக்குக் கத்துகிற அதே குரலில் எடையைக் கத்தினார். சுற்றி நின்ற விவசாயிகள் சிரித்தார்கள். ஒலக்கூர்க்காரர் ஒருவர், மூட்டை ரொம்பச் சின்னதாக இருக்கிறது மொதலாளி, அடுத்த வருஷம் பெரிதாகக் கட்டுங்கள் என்றார். கட்டலாம், சாக்கு நீங்கள் கொடுங்கள் என்று பலகையில் நின்றபடியே பதில் சொல்லிவிட்டு, இறங்கி ஓடி பஸ் பிடித்தாள்.

நிற்கத் தெரிந்த நாளிலிருந்து அவள்தான் முதல் எடை. அவள் வளர்ந்த கதையே அந்தக் கோலில்தான் இருந்தது. அப்பா தராசு என்றால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. வேலைக்குப் போன பிறகு சென்னையில் ஒரு சின்ன பாத்ரூம் மெஷின் வாங்கினாள். ஒருநாள் ஒன்று காட்டுகிறது, மறுநாள் ஒன்று காட்டுகிறது என்று தூக்கி எறிந்துவிட்டாள். லீவு கிடைத்தால் பஸ் ஏறித் திண்டிவனம் வருவாள். பையை மண்டி வாசலிலேயே வைத்துவிட்டுப் பலகையில் ஏறிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள்.

போன ஊர்களைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதெல்லாம் ஹோட்டல் ரூமைப் பற்றித்தான். துபாயில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் படிக்கட்டு என்பாள். தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு வைத்திருப்பார்களாம். அதில் கீழிருந்து உச்சிவரை ஏறி இறங்குவாள். ஒருமுறை செக்யூரிட்டி திருடி என்று பிடித்துவிட்டான். மலையாளத்துப் பையன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாவப்பட்டு, லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்கிறது சேச்சி என்று சமாதானம் சொன்னானாம்.

ரூமில் கயிறு வைத்துக் குதித்தால் கீழ் ரூம்காரன் புகார் கொடுப்பான். அதனால் துண்டை நாலாக மடித்துக் கீழே போட்டு, கயிறு இல்லாமல் வெறும் கையைச் சுற்றிக்கொண்டு குதிப்பாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் பிடித்துத் தூக்குவாள். காபித் தண்ணீர் வைக்கிற கெட்டிலில் முட்டை வேகவைப்பாள். இங்கிருந்து கேப்பை மாவு எடுத்துப்போய் அதே கெட்டிலில் கூழ் காய்ச்சப் பார்த்திருக்கிறாள். அடிப்பிடித்துப் புகைந்து, அலாரம் அடித்து, அந்த மாடியில் இருந்தவர்கள் எல்லாம் ராத்திரி உடையோடு வெளியே ஓடி வந்தார்களாம்.

"கூழு காச்சனதுக்கு பயர் சர்வீஸ் வந்தது ஒலகத்துலயே எனக்குத்தான் அண்ணி" என்று சொல்லிச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இவ்வளவு செய்தும் ஏன் ஏறுகிறது என்று எனக்குப் புரியாது. அவள்தான் விளக்கினாள். தூங்க வேண்டிய நேரத்தில் நிற்கிறாள், நிற்க வேண்டிய நேரத்தில் ஜன்னலுக்குத் திரை போட்டுப் படுக்கிறாள், ஒரு ஊரில் விடிந்தால் அவளுக்கு இருட்டு. தூக்கம் கேட்கிற உடம்பு சோறு கேட்கிறது என்றாள். காலில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுப்பாள். ஷூ அழுத்திய இடத்தில் தோல் கறுத்துப்போயிருந்தது.

எதையும் பாதியாக்குவது அவள் பழக்கம். இட்லியைப் பாதி, வாழைப்பழத்தைப் பாதி, டீயைப் பாதி. மீதிப் பாதி என் தட்டுக்கு வரும். நான் பெருத்ததில் அவளுக்குப் பங்கு உண்டு. தலைவலிக்கு மாத்திரை கொடுத்தால் அதையும் உடைத்துத்தான் போடுவாள். மாத்திரையில் என்ன கொழுப்பு இருக்கிறது என்று கேட்டதற்கு, கை தானாக உடைக்குது அண்ணி என்றாள்.

திண்டிவனத்தில் ஒரு பெண் நடப்பதற்கு இடம் கிடையாது. கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா நடக்கக் கூடாது. முதலில் கிளியனூர் போகிற ரோட்டில் விடியற்காலையில் ஓடிப் பார்த்தாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் மெதுவாக வந்தார்கள். யாரோ மாமனாரிடம், உங்கள் பெண் யாரிடமிருந்து ஓடுகிறாள் என்று கேட்டிருக்கிறார். அதோடு ரோடு நின்றது. பிறகு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினாள். டீ விற்கிறவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எந்த ட்ரெயினும்மா, எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் அலைகிறீர்களா என்று கேட்டாராம். கடைசியில் எங்கள் மொட்டை மாடி. அங்கேயும் பக்கத்துத் தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. சுற்றிச் சுற்றி நடந்து மாடித் தரையில் ஒரு தடமே விழுந்திருந்தது. நான் அங்கே வற்றல் காயப்போடும்போது அந்தத் தடத்தை விட்டுவிட்டுத்தான் போடுவேன்.

கல்யாணம் பேசாமல் இல்லை. என் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த எலும்புக்கு நகை எங்கே போடுவது என்று என்னிடமே கேட்டாள். அந்த வாரம்தான் கம்பெனியில் ஒரு கிலோ கூடிவிட்டது என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். ஒரே உடம்பு. இங்கே பற்றவில்லை, அங்கே அதிகம். வந்தவர்களுக்கு பஜ்ஜி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அம்மா பஜ்ஜியை நன்றாகச் சாப்பிட்டாள்.

இப்படிக் கஷ்டப்பட்டு அந்த வேலையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். சம்பளத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"ரூம் சாவி அண்ணி" என்றாள். "எந்த ஊரு போனாலும் கீழ கவுண்டர்ல என் பேர சொல்லி ஒரு சாவி குடுப்பான். உள்ள போயி தாப்பா போட்டா யாரும் வர மாட்டாங்க. இந்த வூட்ல நான் தாப்பா போட்டு எப்பனா பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மண்டி வீட்டில் கதவு எதுவும் சாத்தியிருக்காது. மூட்டை தூக்குகிறவர்கள், தண்ணீர் கேட்கிறவர்கள், மாமனாரின் பங்காளிகள் என்று எப்போதும் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள். நான் சேலை மாற்றுவதே சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வேலையை விடு என்று நான் சொல்லவே இல்லை.

முப்பதைத் தாண்டியதும் நிலைமை மோசமானது. முடி கொட்டியது. பட்டினி கிடந்தாலும் எடை இறங்கவில்லை. திண்டிவனத்தில் காட்டினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நான்தான் விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தைராய்டு என்றார்கள். தினமும் மாத்திரை போட வேண்டும், எடை கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்றார் டாக்டர். அவள் அதைக் கம்பெனியில் சொன்னாள். வியாதி இருந்தால் வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள், வரம்பு வரம்புதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் இன்னொரு தகராறு பெரிதானது. திண்டிவனத்தில் நிறுத்துவிட்டுப் போனால் கம்பெனி மெஷின் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரம்புக்கு ரொம்பக் கீழே இருந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை. வழியில் குடித்த தண்ணீர், போட்டிருக்கிற துணி என்று விட்டுவிட்டாள். வரம்பை ஒட்டி வந்த பிறகு விட முடியவில்லை. கம்பெனி டாக்டரிடம் நேருக்கு நேர் சண்டை போட்டாள். உங்கள் மெஷின் பொய் சொல்கிறது, எங்கள் அப்பா தராசில் வருஷா வருஷம் கவர்மெண்ட் முத்திரை போடுகிறார்கள், அதில் வராத எடை இதில் மட்டும் எப்படி வரும் என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். மல்லாட்டை மூட்டை நிறுக்கிற தராசா என்று கூட நின்ற பெண்கள் சிரித்தார்களாம். சண்டைக்காரி என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். இரண்டு முறை விமானத்தில் ஏற்றாமல் ஆபீசில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது முறையும் தாண்டினால் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

லீவு போட்டுவிட்டு வந்தாள். நல்ல மாசிமாத வரத்து. மண்டி முழுக்க மூட்டை. விடிந்ததும் மாடியில் நடப்பாள். பிறகு வெந்நீர். பிறகு கூலியாட்களோடு கூலியாளாகக் காலி சாக்குகளை உதறி அடுக்குவாள். எங்கள் வீட்டுப் பெண்கள் மண்டியில் வேலை செய்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிறகு காதுத் தோடு, கைக்கடிகாரம், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பலகையில் ஏறுவாள். மாமனார் குண்டை நகர்த்துவார். எடை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாமனார் கத்திச் சொல்வார். கூலியாட்கள் தலையை ஆட்டுவார்கள். அங்கே நின்ற அத்தனை பேரின் முகத்தையும் நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை. கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குப் போவதற்கு முந்தின நாள் வரம்புக்கு ஒரு கிலோ கீழே வந்துவிட்டாள். பலகையிலிருந்து இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னிக்கு கறிக்கொழம்பு வைங்க. முழுசா சாப்படறேன்" என்றாள்.

வைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டாள். எதையும் பாதியாக்கவில்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். மாமனார் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பசி இல்லை என்று எழுந்து போய்விட்டார். பெண் ஊருக்குப் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

மறுநாள் சென்னையில் நிறுத்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் அதிகம் என்றார்கள். இவள் இறங்க மாட்டேன் என்று மெஷின் மேலேயே நின்றிருக்கிறாள். உங்கள் மெஷினைச் சோதித்துக் காட்டுங்கள், அப்புறம் என்னை அனுப்புங்கள் என்றிருக்கிறாள். சோதித்துக் காட்டினார்கள். எடைக்கல் கொண்டுவந்து அவள் கண் முன்னாலேயே வைத்தார்கள். கல்லில் என்ன போட்டிருந்ததோ மெஷின் அதையே காட்டியது.

அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிட்டாள். மண்டியில் நல்ல கூட்டம். வீட்டுக்குள் வரவில்லை. பையை வாசலில் வைத்தாள். எதிரே சிமென்ட் கடை. அங்கிருந்து ஒரு மூட்டை எடுத்துவரும்படி எங்கள் கூலியாளிடம் சொன்னாள். அவர் மாமனாரைப் பார்த்தார். மூட்டை வந்தது. சிமென்ட் கம்பெனியில் தைத்த மூட்டை, பிரிக்காதது, மேலேயே ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தது. பலகையில் வைத்தார்கள். குண்டை அவளே நகர்த்தினாள். கோல் நாற்பத்தெட்டில் நின்றது.

"சிமென்ட்டுக்காரன் கொறச்சி போட்டிருப்பான்" என்றார் மாமனார்.

அவள் இன்னொரு மூட்டை கொண்டுவரச் சொன்னாள். அதுவும் நாற்பத்தெட்டு. இன்னொன்று கேட்டாள். கூலியாள் நகரவில்லை. மல்லாட்டை போட வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஒலக்கூர்க்காரர். சின்ன மூட்டை என்று முன்னொரு நாள் அவளைக் கேலி செய்தவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கோபமே இல்லாமல் சொன்னார்:

"எத்தினி மூட்ட வெச்சாலும் அம்மாந்தாம்மா வரும். எங்களுக்கு இன்னா தெரியாதா? தெரிஞ்சிக்கினுதான் போடறோம். வேற எங்க போறது?"

அவருக்கும் தெரியும், கூலியாட்களுக்கும் தெரியும். தினமும் காலையில் அவள் தோட்டைக் கழற்றிவிட்டு ஏறும்போது சுற்றி நின்று தலையாட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். முத்திரை போட வருகிற நாளில் மட்டும் அந்தத் தராசு சரியாக இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். தெரியாதவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்தான். நானும் அவளும். விவசாயிகளை ஏமாற்றுவதற்கென்று செய்துவைத்த பொய்யில் அவள் தன் உடம்பை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பாவைத் திட்டவில்லை. அழவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டை நகர்த்துகிற கை. பிறகு பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. மாமனார் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது வழியை மறித்துக்கொண்டு கேட்டேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. தினம் தினம் பெற்ற பெண் ஏறி நிற்கிறாள், இது தப்பாகக் காட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில்லையா என்றேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கிலோ தானம்மா" என்றார். "ரெண்டு கிலோவுக்கு யாராச்சும் வேலைய வுட்டுத் தூக்குவாங்களான்னு இருந்துட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது. மூட்டைக்கு மூட்டை எடுத்து எடுத்து, அந்த இரண்டு கிலோ அவருக்கு ஒரு எடையாகவே தெரியாமல் போய்விட்டது. நான் நின்ற வீடு அதில் கட்டியது. நான் வைத்த கறிக்குழம்பும் அதில் வாங்கியது. தப்பு அவருடையது மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. ஒரு கிலோவுக்கு ஒரு பெண்ணைத் தூக்கி எறிகிறவனை என்ன சொல்வது? இவர் எடையைக் குறைத்துச் சொல்லிப் பிழைத்தார். அவர்கள் சரியாகச் சொல்லிப் பிழைக்கிறார்கள். நடுவில் போனது அவள்.

அதற்குப் பிறகு திண்டிவனத்தில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. தினமும் போய்வந்துகொண்டிருந்தவர் அங்கேயே குவார்ட்டர்ஸ் வாங்கினார். நாங்களும் போனோம். எங்களோடு இருக்கச் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாக ஒரு ரூம் எடுத்துக்கொண்டாள். சாவி வேண்டுமே. இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கும் ஒரு இடத்தில் வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளில் அங்கே ஏர் ஹோஸ்டஸ் கோர்ஸ் என்று போர்டு வைத்தார்கள். வாசலில் ஒரு எடை மெஷினையும் வைத்தார்கள். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

அடுத்த வரத்தின்போது மாமனார் ஆள் அனுப்பினார். முதல் எடைக்கு, ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த என் பெண்ணை அழைத்துவரச் சொல்லி. அனுப்ப மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் ஒருநாள்தானே என்றார். நீங்கள் வேண்டுமானால் போய் ஏறி நில்லுங்கள் என்றேன். அந்த வருஷம் முதல் எடை இல்லாமலே மூட்டை ஏறியது. வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. தராசும் மாறவில்லை. ஒலக்கூர்க்காரர்கள் அப்போதும் அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டார்கள். மாமனார் சாகிறவரைக்கும் அப்படித்தான் நடந்தது. சாவுக்கு வந்த அவர் பெண் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். எந்த விமானத்திலும் ஏறப்போவதில்லை, யாரும் நிறுக்கப்போவதில்லை. ரூமில் துண்டை நாலாக மடித்துப் போட்டுக் கயிறு இல்லாமல் குதிப்பாள். கீழே யாரும் குடியில்லை. யாருக்காக இதெல்லாம் என்று கேட்டேன். நிறுத்தத் தெரியவில்லை அண்ணி என்றாள். சாப்பாடு பாதி என்று இருந்தது, பாதியில் பாதியானது. அவளிடம் மீதி வாங்கித் தின்ன நானும் பக்கத்தில் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒருநாள் பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தாள். என் வீட்டுக்காரர்தான் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கும்போது கனமே இல்லை என்று சொல்லிவிட்டு, நாற்பது வயது தாண்டிய மனிதர், ஸ்கூல் பிள்ளை மாதிரி அழுதார். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எடை எடுக்க வேண்டும் என்றாள் நர்ஸ். சின்னப் பெண். மூலையில் ஒரு மெஷின் இருந்தது.

அவள் கடிகாரத்தைக் கழற்றினாள். தோட்டைக் கழற்றினாள். ஹேர்பின்னை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். துப்பட்டாவைக் கொடுத்தாள். செருப்பை விட்டாள். மெஷின் வரைக்கும் போனாள். அதற்கு முன்னால் நின்றுகொண்டு அதைப் பார்த்தாள். ஏறவில்லை.

"ஏறுங்கம்மா, பின்னாடி ஆளு நிக்கறாங்க" என்றாள் நர்ஸ்.

"நீயே ஒண்ணு போட்டுக்கோம்மா" என்றாள் அவள். "எது போட்டாலும் சரிதான்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் உள்ளங்கையில் இருந்த ஹேர்பின்களைப் பார்த்தேன். வரிசை நீளமாக இருந்தது. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ ஒரு எடையை எழுதிக்கொண்டாள். டாக்டர் அந்த எடைக்குத்தான் மருந்து எழுதினார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தேன். அதையும் பாதியாக உடைத்தாள். ஒரு பாதியைப் போட்டுக்கொண்டாள். இன்னொரு பாதியை என் பக்கம் நீட்டினாள்.